தங்கை வானொலியில் சொன்ன வீடு

எங்கள் கடையில் அவளுக்குப் பெயர் ஜன்னலக்கா. திரைச்சீலை தைக்கும் கடை அது. கீழே துணிச் சுருள்களும் முதலாளியும், மாடியில் நாங்கள் பெண்கள். நான் வெட்டு மேசையில். எனக்கு எதிரே, வெளிச்சம் விழும் மூலையில், அவளுடைய தையல் மெஷின். தைக்காத நேரங்களில் இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மடக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு, யார் வீட்டுக்காவது ஜன்னல் அளக்கப் போய்விடுவாள். திரும்பி வந்தால் போன வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை வாயிலிருந்து வராது. "அந்தப் பெரிய வீட்டுல என்னக்கா இருந்துச்சு?" என்று நாங்கள் வாயைக் கிளறினால், "ஜன்னல் இருந்துச்சு" என்பாள். அதனால் வந்த பெயர்.

அவள் வேலை கேட்டு வந்த நாளைப் பற்றி முதலாளி அடிக்கடி சொல்வார். ஒரு மடிப்பு தைத்துக் காட்டச் சொன்னாராம். கோடு கிழித்தாற்போலத் தைத்துக் காட்டினாளாம். பிறகு வழக்கமான கேள்வி.

"வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

"இல்லைங்க."

முதலாளி இளகிய மனசுக்காரர். மேற்கொண்டு கேட்பது பாவம் என்று விட்டுவிட்டார். அந்த "இல்லைங்க" மாடிப்படி ஏறி எங்களிடம் வருவதற்குள், "பாவம், சின்ன வயசுலயே புருஷன் போய்ச் சேர்ந்துட்டான்" என்று ஆகியிருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. எங்கள் பேச்சில் வீட்டுக்காரர் என்றால் புருஷன். வாடகை வாங்குகிறவரும் வீட்டுக்காரர்தான். இதில் யார் இல்லை, எப்படி இல்லை என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்காததை அவளும் சொல்லவில்லை. வருஷங்கள் ஓட ஓட, சொல்வதற்கான நேரமும் கடந்துபோய்விட்டது.

திரையின் தலைப்பில் வளையம் பொருத்துகிறவள் ஒருத்தி எங்களோடு இருக்கிறாள். அவளை வளையம் என்றே கூப்பிடுவோம். அவள் புருஷன் காய்ச்சல் என்று படுத்தவர், எழுந்திருக்கவில்லை. அவள் மறுபடி வேலைக்கு வந்த அன்று, வளையங்களை மடியில் கொட்டிவைத்துக்கொண்டு ஒன்றைக்கூடக் கோர்க்காமல் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலக்கா எழுந்துபோய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும்டீ. சாயங்காலம் ஆனா, கதவுச் சத்தத்துக்குக் காது தானாப் போகும். போகட்டும், தடுக்காதே."

அதைச் சொல்லும்போது அவள் கண்ணிலும் தண்ணீர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வளையம் கரையேறினாள். அதற்குப் பிறகு இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள், ஒரே பஸ்ஸில் போனார்கள். ஒருத்திக்குத் தலைவலி என்றால் மற்றவள் மாத்திரை தேடுவாள்.

ஜன்னலக்காவுக்கு உலகத்தில் இருந்த ஒரே ரத்த சொந்தம் அவள் தங்கை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது தங்கை பள்ளிக்கூட விடுதியில் இருந்தாள். புருஷன் வீட்டை விட்டு வந்த அக்கா நேராக அந்த விடுதி வாசலில்தான் வந்து நின்றாள். டயர் கடைக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, தங்கையைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். பாதி அறைக்கு மெஷின். மெஷின் விளக்கின் கீழே தங்கையின் புத்தகம். ஒருத்தி தைக்க, ஒருத்தி உரக்கப் படிக்க, இலக்கணம் முழுக்கத் தையல் சத்தத்தோடு சேர்ந்து அக்காவுக்கும் உள்ளே போய்விட்டது. "வல்லினம் மெல்லினம் எல்லாம் எனக்கும் தெரியும், பரிட்சைதான் எழுதலை" என்று சிரிப்பாள்.

தங்கை தமிழ் படித்துக் கல்லூரியில் ஆசிரியை ஆனாள். அவளைக் கடையில் டீச்சர் என்போம். அவளுக்குக் கல்யாணம் பேசிய சமயம், பையனைப் பார்த்துவிட்டு வந்து பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். "நல்லவர்தான்னு எல்லாரும் சொல்றாங்க. அது போதுமாக்கா?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் ஜன்னலக்கா, அதுவரை யாரிடமும் சொல்லாததைத் தங்கையிடம் சொன்னாள். எனக்கு அது தெரியவந்தது வெகுநாள் கழித்து.

அவள் புருஷன் குடிக்கிறவர் இல்லை. அடிக்கிறவரும் இல்லை. லாரி கம்பெனி கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார், நேரத்துக்கு வீட்டுக்கு வருவார். பேசமாட்டார். முதலில் தேவைக்குப் பேசினார். ஒருநாள் உறவுக்காரர்கள் முன்னால் அவர் சொன்ன ஏதோ ஒன்றுக்கு இவள் சிரித்துவிட்டாள். அதோடு நின்றது. சாப்பாடு சரியில்லை என்றால் தட்டைத் தள்ளிவைப்பார். சட்டையில் பொத்தான் போனால் சட்டையைக் கொண்டுவந்து மெஷின் மேல் போடுவார். இவள் கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், தானும் பேசாமல் இருந்து பார்த்தாள். அது அவருக்கு வசதியாகப் போயிற்று. கடைசியில் ஒரு விடுமுறை நாளில் பையை எடுத்துக்கொண்டு, "நான் போறேன்" என்றாள். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த பக்கம் திருப்பினார்.

பஸ் நிறுத்தம் வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது. வந்த பஸ்களை எல்லாம் போகவிட்டு நின்றாள். ஒரு கட்டத்தில் கதவு திறந்தது. அவர் வெளியே வந்தார். இவளுக்கு உயிரே வந்தது. அவர் கொடியில் காய்ந்த துண்டை எடுத்தார், தோளில் போட்டுக்கொண்டார், உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அடுத்து வந்த பஸ்ஸில் இவள் ஏறினாள்.

"அந்தக் கதவு சாத்தின சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. பேசுறவனாப் பாத்துக் கட்டிக்கோ. சண்டை போட்டாலும் பரவாயில்ல, பேசணும்" என்று தங்கையிடம் சொன்னாள். "இது உன்னோட இருக்கட்டும்."

"என்னோட போகட்டும்கா," என்றாள் தங்கை, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு.

டீச்சர் பேசுகிறவராகத்தான் பார்த்துக் கட்டிக்கொண்டாள். சில வருஷங்களில் வானொலியில் அவளுக்கு ஒரு நிகழ்ச்சி கிடைத்தது. வாரம் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது, எப்படியெல்லாம் மாறியது என்று கதைபோலச் சொல்வாள். குரல் இனிமையான குரல். அவள் நேரம் வந்தால் எங்கள் கடையில் மெஷின்கள் மெதுவாகிவிடும். நூல்கண்டு அலமாரியின் மேல் இருந்த வானொலியின் சத்தத்தைக் கூட்டிவைக்க முதலாளியே மாடி ஏறி வருவார். "நம்ம ஜன்னலம்மா தங்கச்சி" என்று புதிதாக வருகிற வாடிக்கையாளர்களிடமும் சொல்வார். ஜன்னலக்கா தலை நிமிராமல் தைப்பாள். காது மட்டும் சிவந்திருக்கும், பெருமையில்.

அந்த வாரத்துச் சொல் வீடு.

"சுடு என்பது சூடு ஆகிறது. கெடு என்பது கேடு ஆகிறது. பெறு என்பது பேறு ஆகிறது. அதே போல, விடு என்பது நீண்டு வீடு ஆனது," என்று தொடங்கினாள். பழைய நூல்களில் மனிதர் வாழும் இடத்துக்கு இல், மனை, அகம் என்றெல்லாம் பெயர் இருந்தது. வீடு என்றால் பெரும்பாலும் விடுதலை, பற்றையெல்லாம் விட்டு அடையும் நிலை. வழிநடையை விட்டுத் தங்கும் இடம் விடுதி, படை தங்கும் இடம் படைவீடு. அப்படி, அலைச்சலை விட்டு இளைப்பாறும் இடம் என்ற பொருளில் நாம் குடியிருக்கும் இடத்துக்கும் வீடு என்ற பெயர் நிலைத்திருக்கலாம். இப்படி அழகாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். தினமும் நூறு தடவை சொல்கிற வார்த்தைக்குள் இத்தனை இருக்கிறதா என்றிருந்தது.

"எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி இருக்கிறார்," என்றது வானொலி. "மற்றவர் வீட்டு ஜன்னல்களை அளந்து பிழைப்பவர். அவருடைய கணவர் இறந்துவிட்டதாக ஊர் நினைக்கிறது. அவர் இறக்கவில்லை. தன்னோடு பேசாத மனிதரோடு வாழ்ந்த நான்கு சுவர்களை ஒரு நண்பகலில் விட்டு வெளியேறியவர் இவர். சாவியை மேசைமேல் வைத்தார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். தெருவில் கால் வைத்த அந்தக் கணத்தில், சொல்லின் இரண்டு பொருளும் அவருக்கு ஒன்றாகின. வீட்டை விட்டார், வீடு பெற்றார்."

எல்லா மெஷினும் நின்றுவிட்டது. ஜன்னலக்காவின் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கையிலிருந்த துணி தீர்ந்து, வெறும் ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. முதலாளி அலமாரிப் பக்கம் போய், ஏதோ தூசி தட்டுகிறவர்போல நின்று, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.

வளையம் அன்று தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் ஜன்னலக்கா அவளைத் தேடிப் போனாள்.

"உன்கிட்ட நான் பொய் சொல்லலை."

"சொல்லலை. நானாத்தான் நினைச்சுக்கிட்டேன்." வளையம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "என் பக்கத்துல உக்காந்து அழுதீங்களே, அது யாருக்குக்கா? என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டுக்கிட்டேதான் செத்தாரு. கதவுச் சத்தம், கதவுச் சத்தம்னு ரெண்டு பேரும் ஒண்ணைத்தான் சொல்றோம்னு நினைச்சேன்."

ஜன்னலக்கா அழுதது நிஜம். காது கதவுக்குப் போனதும் நிஜம். ஆனால் அதை எடுத்துச் சொன்னால் சப்பைக்கட்டுப்போல இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். அதை அன்று என்னிடம் சொன்னாள். தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முதலாளி தன் பங்குக்கு, "அப்ப அவரு... நல்லா இருக்காரா?" என்று ஒருநாள் கேட்டுவைத்தார். அக்கறையாகத்தான் கேட்டார். "தெரியாதுங்க" என்றாள். அவர் மெஷினுக்கு எண்ணெய் போட்டாயிற்றா என்று விசாரித்துவிட்டு இறங்கிப்போனார்.

அவளைத் தங்கை வீட்டுக்குத் துரத்தியது இதெல்லாம் இல்லை. ஓர் அடுக்குமாடியில் படுக்கையறை ஜன்னலை அளந்துகொண்டிருந்தபோது, அந்த வீட்டுப் பெண் கதவைச் சாத்திவிட்டு ஏணிக்கு அருகில் வந்து நின்றிருக்கிறாள். இளம் பெண்.

"ரேடியோல சொன்னது உங்களைத்தானே?"

இவள் டேப்பைச் சுருட்டினாள்.

"அன்னிக்கிலேர்ந்து அதே நினைப்பா இருக்கேன். நானும் சாவியை வச்சிட்டுப் போயிடலாம்னு. வெளிய கால் வச்சதும் எல்லாம் லேசாயிடும்ல?"

ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள் ஜன்னலக்கா. பிறகு அந்தப் பெண்ணிடம், முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம், துண்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். பஸ் நிறுத்தத்தில் நின்றதை, கதவு திறந்தபோது மனசு துள்ளியதை. "நான் சாவி எதுவும் வைக்கலைம்மா. சாவி அவர்கிட்டதான் இருந்துச்சு. லேசாவும் ஆகலை. போறதுன்னா போங்க, வேண்டாம்னு சொல்லமாட்டேன். ஆனா போற இடம் ஒண்ணு இருக்கான்னு பாத்துக்கிட்டுப் போங்க. அந்தக் கதையைக் கேட்டுட்டுப் போகாதீங்க."

அன்று அந்தப் பக்கம் திரைக்கம்பி கொடுக்க வேண்டிய வேலை எனக்கும் இருந்தது. அது முடிந்து, அவளோடு டீச்சர் வீட்டுக்கு நானும் போனேன். டீச்சர் கதவைத் திறந்து, முகம் மலர்ந்து, "வாக்கா" என்றாள். கூடத்தில் ஜன்னலக்கா தைத்துக் கொடுத்த பச்சைத் திரைகள். மேசையில் அச்சுக்குப் போகிற தாள்கள் கட்டாக இருந்தன. வானொலிப் பேச்சுகளெல்லாம் புத்தகமாக வரப்போகின்றன என்று டீச்சரே சொன்னாள், இன்னும் நாங்கள் உட்காரக்கூட இல்லை.

"வீடும் வருதா?" என்று கேட்டாள் ஜன்னலக்கா.

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. "பேர் சொல்லலையேக்கா."

"ஜன்னல் அளக்கிறவன்னு சொன்னியே. இந்த ஊர்ல எத்தனை பேரு அளக்கிறாங்க?"

"உன்னைப் பெருமையாத்தானே சொன்னேன். எத்தனை பேரு அழுதேன்னு சொன்னாங்க தெரியுமா? நீ பண்ணது எவ்வளவு பெரிய விஷயம்னு உனக்கே தெரியல. விடுங்கிற சொல்லுக்கு உன்னைவிட..."

"விட்டது நான் இல்லடீ." குரல் உயரவில்லை. "அவரு விட்டாரு. நான் போறேன்னு தெரிஞ்சும் பேசாம விட்டாரு. நான் நின்னேன். உன்கிட்ட சொன்னேன்ல, நின்னேன்னு. துண்டை எடுத்துட்டுப் போனாருன்னு சொன்னேன்ல. அது எங்க போச்சு?"

டீச்சர் தாள்களை ஒழுங்காக அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள். "அதைச் சொன்னா நீ பாவமாத் தெரிவேன்னு விட்டுட்டேன்."

"நான் பாவமாத்தான் இருந்தேன்."

உள்ளே குக்கர் சத்தம் போட்டது; டீச்சர் எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தாள். வந்தவள் அக்காவின் காலடியில் தரையில் உட்கார்ந்து, அவள் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள், சின்ன வயதில் செய்த மாதிரி. "தப்புதான்கா. புத்தகத்துல அது வராது. எடுத்துடறேன். உன் மேல சத்தியமா."

ஜன்னலக்கா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "அவளுக்கு என்ன தெரியும், சின்னவதானே" என்று என்னிடம் சமாதானம் சொன்னாள். அந்தச் சின்னவளுக்கு அப்போது காதோரம் நரைத்திருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகக் கடையிலும் காற்று மாறியது. வளையம் ஒருநாள் படிக்கட்டிலிருந்து எழுந்துவந்து, தன் டப்பாவை ஜன்னலக்காவின் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். "என்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன ஊருக்கா சொல்லப்போறேன்?" என்றாள். அவ்வளவுதான். பழையபடி ஆகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பஸ்ஸில் ஒன்றாகப் போகத் தொடங்கினார்கள்.

புத்தகம் வந்த சேதியை முதலாளிதான் கொண்டுவந்தார். ஆசையோடு வாங்கி வந்திருந்தார்; அவருக்கு உள்விவகாரம் தெரியாது. ஜன்னலக்காவின் மெஷின் மேல் வைத்து, "முதல்ல நீங்கதான் படிக்கணும்" என்றார். அட்டையைத் திருப்பினாள். முதல் தாளில், 'எனக்கு எல்லாமுமான அக்காவுக்கு' என்று அச்சிட்டிருந்தது. அதை விரலால் ஒருமுறை தொட்டாள். பிறகு புத்தகத்தை என்னிடம் நீட்டி, "கண்ணாடி எடுத்துட்டு வரலை. வீடு இருக்கா பாரு" என்றாள்.

இருந்தது. ஜன்னல் இருந்தது, சாவி இருந்தது, நண்பகல் இருந்தது. வானொலியில் சொன்னதைவிட இன்னும் நீளமாக, அவள் தெருவில் நடந்தபோது வெயில் எப்படி அடித்தது என்றுகூட எழுதியிருந்தாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் புத்தகத்தை வாங்கி, மெஷினுக்குக் கீழே துணி வைக்கிற தட்டில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தைத்தாள். கண்ணாடி அவள் பையில்தான் இருந்தது. எனக்குத் தெரியும், காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் ஊசியில் நூல் கோர்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் அக்காவின் அறைக்கு வந்தாள். நானும் வளையமும் அங்கே இருந்தோம், கடை வேலை மீந்துபோய் எடுத்து வந்திருந்தோம். கதவு திறந்தேதான் இருந்தது. வாசலில் தங்கையைப் பார்த்ததும் ஜன்னலக்கா எழுந்தாள். தரையில் கிடந்த துணியை ஒதுக்கினாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்க," என்றாள். "உக்காருங்க."

டீச்சர் வாசலிலேயே நின்றாள். தன்னைத்தான் சொன்னாளா என்று எங்களைப் பார்த்தாள்.

"அக்கா, எடுக்கணும்னுதான் நினைச்சேன். அதை எடுத்தா அந்தக் கட்டுரைக்கே உயிர் இல்லன்னு பதிப்பாளர் சொன்னாரு. நானும் படிச்சுப் பாத்தேன். நிஜமாவே நிக்கலை. உனக்குக் கோபம்னா திட்டு. ஏன் இப்படிப் பேசுறே?"

"கோபம் என்னங்க. டீ குடிக்கிறீங்களா?"

டீச்சர் பேச்சுக்காரி. எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரிந்தவள். அன்று அவளுக்குப் பேச்சு வரவில்லை. டீயை வாங்கிக்கொண்டு கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தாள், ஆறிப்போய் ஆடை படிந்தது. போகும்போது அக்காவின் தோளைத் தொட்டாள். அக்கா தொடவிட்டாள். "பாத்துப் போயிட்டு வாங்க" என்றாள்.

அவள் போனதும் வளையம்தான் கேட்டாள், "நாலு அறை விட்டிருக்கலாம்லக்கா. அதுக்கு இதுவா?"

"அடிச்சா மறுபடி சேர்ந்துக்கணும்," என்றாள் ஜன்னலக்கா.

உறவு அறுந்துவிட்டதா என்றால் இல்லை. டீச்சர் மாதாமாதம் வருகிறாள், பழம் வாங்கி வருகிறாள். ஜன்னலக்காவும் அவள் வீட்டு விசேஷங்களுக்குப் போகிறாள், சபையில் இருக்கும்போது மற்றவர்களுக்காக "வா, போ" என்றுகூடப் பேசுகிறாள். குழாயில் தண்ணீர் வரவில்லை, பஸ்ஸில் கூட்டம், வெயில் தாங்கவில்லை என்று இரண்டு பேரும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவார்கள். தன்னைப் பற்றி மட்டும் ஜன்னலக்கா எதுவும் சொல்வதில்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

போன வாரம் டீச்சர் கடைக்கே வந்தாள். புத்தகத்துக்கு ஏதோ பாராட்டு கிடைத்திருக்கிறதாம், அக்காவிடம் சொல்ல வந்தாளாம். மெஷின் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "ஜன்னல் அளக்கப் போயிருக்காங்களா?" என்று கேட்டாள்.

"பல்லு பிடுங்கப் போயிருக்காங்க," என்றாள் வளையம், கைவேலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு மாசமா வலி. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. உங்களுக்குத் தெரியாதா?"

டீச்சர், "சொன்னாங்க, மறந்துட்டேன்" என்றாள். பிறகு அக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்து, யாரும் ஒன்றும் கேட்காமலே, எங்களைப் பார்த்து ஒருமுறை சிரித்தாள்.